பின்புறம் கிழிந்த சட்டை

அடிமை வாணிபம் என்றதும் வெள்ளையனின் கப்பலைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நமக்கு வசதி. ஸன்ஸிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரஸாக் குர்னா, 1994இல் வெளிவந்த 'பரடைஸ்' என்ற ஆங்கில நாவலில் அந்த வசதியைத் தரவில்லை. ஸன்ஸிபார் அடிமைச் சந்தை 1873இல் மூடப்பட்டது. ஆனால் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னரும், தந்தை பட்ட கடனுக்கு ஈடாகப் பன்னிரண்டு வயது யூஸுப் கொண்டுசெல்லப்படுகிறான். கொண்டுசெல்லும் வணிகர் அஸீஸ் கொடுமைக்காரரல்லர்; அத்தர் மணக்கும் கண்ணியமான முஸ்லிம். என்னை உறுத்தியது இதுதான்.

அவரது மனைவி யூஸுபை இச்சிக்கிறாள். சட்டை பின்புறமாகக் கிழிகிறது. ஸூரா யூஸுபை ஓதியவர்களுக்கு அது குற்றமின்மையின் சாட்சி. இங்கோ அந்தச் சாட்சி அவனை விடுவிப்பதில்லை. அவன் விரும்பும் ஆமினாவும் கடனுக்கு ஈடாக வந்து அஸீஸுக்கு மனைவியானவளே. இக்காதற் பகுதி சற்று அவசரமாக முடிவதாக எனக்குப் படுகிறது. ஆனால் அந்த முதிய தோட்டக்காரர் ஹம்தானி! எசமானி தரும் விடுதலையை ஏற்க மறுக்கிறார். தன் சுதந்திரம் அவள் கொடுக்கக்கூடிய பொருளல்லவாம். அந்தச் சில பக்கங்களுக்காகவே இரண்டாம் முறையும் வாசித்தேன்.

இறுதியில் யூஸுப், ஆட்பிடிக்க வந்த ஜேர்மன் படையின் பின்னால் ஓடுகிறான். அதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.