கழுவலில் நிற்பதே சாயம்

இயற்கைச் சாயமிடுவோராகிய நம் சங்கத்தின் மலருக்குச் சாய மரபுகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயற்குழுவினர் கேட்டபோது, என்னைவிட மூத்தவர்கள் பலர் இருக்க நான் எழுதுவது முறையா என்று தயங்கினேன். தலைவர் அவர்கள் விடவில்லை.  சாயம் நாரில் பிடிக்கக் கடுக்காய் எதற்கு, படிகாரம் எதற்கு என்று நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, எந்த வழியினர் எதைத் தரம் என்று கொண்டார்கள், அந்தத் தரம் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நம் திருச்சியின் உறையூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, அர்கரு என்ற ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அந்த ஊர் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில், சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோதும் அத்தகைய தொட்டிகள் கிடைத்தன. அவை சாயத்துக்கானவைதாமா என்று பின்னாளில் ஐயம் எழுப்பியவர்களும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. உறையூருக்குக் கோயில் உறவும் உண்டு: பங்குனி ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, அவ்வூர்த் தாயார் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை சாதிக்கிறார். ஸ்ரீரங்கத்துக்கும் உறையூருக்கும் உள்ள அந்த உறவில் நூலுக்கும் பங்குண்டு என்று என் ஆசான் சொல்வார். நானும் அப்படியே நம்புகிறேன்.

நம் கொள்ளிடத்திலேயே கிழக்கே போனால் கோடாலிக்கருப்பூர் வரும். இன்று அது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்றே அங்கே நெய்து, கையால் சித்திரம் எழுதிய சேலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். முதலில் தறியிலேயே சரிகையால் பூ வேலை செய்துவிடுவார்கள். பிறகு மெழுகால் கோடிட்டு, மறைக்க வேண்டியதை மறைத்து, சிவப்பும் கறுப்பும் ஏற்றுவார்கள். பருத்தி சாயத்தைக் குடிக்கும், சரிகை குடிக்காது. ஆழ்ந்த சிவப்புக்கு அடியிலிருந்து பொன் மினுங்கும். நெசவு, எழுத்து, சாயம் மூன்றும் ஒரே துணியில் இவ்வளவு ஒட்டி வேலை செய்த இன்னொரு மரபை நான் பார்த்ததில்லை. 1855இல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கும்பினியோடு சேர்க்கப்பட்டதும் ஆதரிப்பார் இல்லாமல் அது நின்றுபோனது. அதன் எழுத்துக்கிளை மட்டும் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேர்த் தொம்பை, விதானம், தோரணம் என்று கோயில் துணிகளில் உயிர் தரித்தது. 2021இல் இந்த எழுத்துத் துணியான கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வழியினருக்குத் தரம் என்றால் கோடு. எருமைப் பாலும் கடுக்காயும் ஊட்டிய துணியில், இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுத்த மையால் கோடு இழுத்தால், ஓரத்தில் ஒரு நூலளவும் கசியக்கூடாது. பாலின் கொழுப்புதான் கசிவைத் தடுக்கிறது. பாலைத் தண்ணீராக்கினால் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

மதுரை வழி வேறு. சௌராஷ்டிரப் பெருமக்கள், முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடியில் முடிச்சுக்குத் தரம் வைத்தார்கள். சிவப்புக்கும் தரம் வைத்தார்கள். இம்பூரல் என்னும் சாயவேரும் எண்ணெய் ஊட்டலும் சேர்ந்த அந்தச் சிவப்புக்கு வேலை நாட்கணக்கில் நீளும். 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அந்த வேரின் சிவப்புப் பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய பிறகு, சாயவேர் தோண்டும் தொழிலே படுத்தது. இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலிருந்து டச்சுக்காரர்கள் அள்ளிப்போன வேர் அது. இன்று இந்தப் பக்கம் இம்பூரல் என்று கேட்டால் இருமல் மருந்துக்கா என்கிறார்கள். காளஹஸ்தி, மசூலிப்பட்டினம் கலம்காரி வழிகளைப் பற்றி நம் ஆந்திர நண்பர்கள் பல மலர்களில் எழுதியிருக்கிறார்கள். 

இனி எங்கள் வழி. என் ஆசானை உறையூர்ப் பெரியவர் என்றே சொல்வோம். பெயர் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.  தறிக்காரர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுத்த குடும்பம். துணியில் சாயமிடுவதைவிட நூலில் சாயமிடுவது கடினம் என்பார். துணியில் ஒரு இடம் மங்கினால் பூ எழுதி மறைக்கலாம். நூற்கற்றையான சிட்டத்தில் ஒரு இடம் மங்கினால், தறியின் நெடுக்கு நூலான பாவு முழுவதும் வரிவரியாக அது தெரியும். ஆகவே அவருக்குத் தரம் என்றால் சமன்.

அவர் சொல்லிக் கொடுத்த முறையில் அவசரத்துக்கு இடமே இல்லை. முதலில் நூல் சுத்தம். வெள்ளாவி வைத்து, ஒரு துளி தண்ணீரை விட்டால் அது உருளாமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி வெள்ளாவி. 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள். கடுக்காயைப் பெரிய கடைவீதி நாட்டுமருந்துக் கடையில் முழுதாக வாங்கி, கொட்டை நீக்கி நாமே இடிக்க வேண்டும். அதை ஊட்டி நிழலில் உலர்த்தி, பிறகு 15 கிராம் படிகாரம். படிகாரம் ஊட்டிய நூலை அன்றே சாயப்பானையில் போட்டால் பெரியவர் பேசமாட்டார். எழுந்து போய்விடுவார். சில நாள் ஆறப்போட்டால்தான் படிகாரம் நாரோடு கட்டுப்படும். ஒட்டாமல் நிற்கும் மிச்சத்தை அலசி எடுத்த பிறகே சாயம். இல்லாவிட்டால் நிறம் நூலில் ஏறாமல் தண்ணீரில் மிதக்கும் படிகாரத்தோடு கூடிக்கொண்டு வீணாகும்.

சாயவேர் கிடைக்காத காலத்தில் அவர் நுணா வேரைப் பிடித்துக்கொண்டார். நம் மாவட்டத்துப் புன்செய்க் காடுகளில் மஞ்சணத்தி என்று எவரும் சட்டை செய்யாமல் நிற்கிற மரம். அதன் வேர்ப்பட்டையில் இருக்கும் சிவப்பு, கொதிக்கவிட்டால் தவிட்டு நிறமாகிவிடும். பச்சைத் தண்ணீரில் வேரையும் நூலையும் ஒன்றாகப் போட்டு, கை பொறுக்கும் சூட்டிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றி, கொதிக்கு முன் நிறுத்த வேண்டும். கழியில் மாட்டிய சிட்டங்களைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேளையில் அவர் யாரோடும் பேசி நான் கண்டதில்லை.

நீலம் இன்னும் நுட்பம். நீலம் தரும் அவுரிக் கட்டி, சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை இம்மூன்றையும் பானையில் சேர்த்து மூடிவைத்தால் அது தானே புளித்து நீலத்தைக் கரைய வைக்கும். மேலே செப்பு நிறத்தில் ஆடை படர்ந்து, உள்ளே தண்ணீர் மஞ்சள்பச்சையாகத் தெரிந்தால் பானை தயார். நூலை முக்கி எடுத்தால் காற்றுப்பட்டுப் பச்சையிலிருந்து நீலமாக மாறும். ஒரே முக்கலில் கருநீலம் வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. பல முக்கல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நல்ல காற்று, அவ்வளவுதான். பானை களைத்திருக்கிறதா, பசித்திருக்கிறதா என்று அவர் மூக்காலேயே சொல்லுவார். பசித்தால் தகரை, புளிப்பு மிஞ்சினால் சுண்ணாம்பு.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்த விதி கழுவல். சாயமிட்ட நூலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி கழுவி, தண்ணீர் தெளியும்வரை அவர் கையை விட்டு அது போகாது. உடையவர் என்னும் இராமானுசர் காலத்தில் ஸ்ரீரங்கத்துச் சலவைத் தொழிலாளி ஒருவர் பெருமாளின் பரிவட்டங்களை அருமையாக வெளுத்து வந்து காட்ட, உடையவர் மகிழ்ந்து அவரைச் சந்நிதிக்கே அழைத்துப் போனார். வடமதுரையில் கண்ணனுக்குத் துணி தர மறுத்த வண்ணானின் குற்றத்தை இந்த வெளுப்புக்காகப் பெருமாள் பொறுத்தருளினார் என்று பெரியோர் சொல்லும் வரலாற்றை ஆசான் அடிக்கடி எடுத்துச் சொல்வார். கழுவலுக்கு இவ்வளவு பெருமை கொடுத்த ஊர் இது.

கழுவுவதற்கு ஆறு வேண்டுமே. நொய்யலும் அமராவதியும் நமக்கு மேற்கே காவிரியில் கலக்கின்றன. திருப்பூர், கரூர்ச் சாயக்கழிவு அந்த ஆறுகளை என்ன செய்தது என்பதை அக்கழிவு தேங்கி நின்ற, நொய்யல் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் கதை சொல்லும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன அளவுக்கு அது முற்றியது. எனவே வீட்டில் சாயமிடுகிறவர்கள் ஆற்றை விட்டுவிட்டுக் குழாய்க்கு வந்துவிட்டோம். ஒரு வார்த்தை: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து வேர்ச்சிவப்புக்கு நல்லது, மற்ற பல நிறங்களை அது மங்கச் செய்யும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. இன்று செய்கிறவர்களில் உண்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சில இடங்களில் நடப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, திங்கட்கிழமை ஆசிரியர். படிகாரம் ஆற வேண்டிய நாளைவிட வகுப்பு குறைவு. பீட்ரூட்டையும் செம்பருத்தியையும் வேகவைத்துத் துணியில் ஏற்றிப் படம் எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நிறம் இரண்டு கழுவலைத் தாங்காது என்பது அவர்களுக்கும் தெரியும். வேறு சிலர் நிறம் நிற்க வேண்டும் என்று செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கை போனபடி கொட்டி, அந்தத் தண்ணீரைக் குடியிருப்புச் சாக்கடையில் விடுகிறார்கள். நீலப்பானையில் தகரை விதைக்குப் பதில் ஹைட்ரோஸ் என்னும் வேதிப்பொருள். அவுரிக்குப் பதில் ஆலையில் ஆன நீலம். அட்டையில் மட்டும் நூற்றுக்கு நூறு இயற்கை.

நீல விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த வேதனை. 1897இல் ஜெர்மன் ஆலை சந்தைக்குக் கொண்டுவந்த நீலமும் அவுரி நீலமும் ஒரே மூலக்கூறு. சோதனைச்சாலையிலேயே பிரித்துச் சொல்வது எளிதல்ல. வாங்குகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. செய்கிறவரின் வாய்ச்சொல் ஒன்றுதான் சான்று. அந்தச் சொல்லும் பொய்யானால் இந்தத் தொழிலில் மிச்சம் என்ன இருக்கிறது? ஆலைச் சாயம் போட்டுவிட்டு ஆலைச் சாயம் என்று சொல்லி விற்பவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர் நேர்மையானவர். கண்காட்சி ஒன்றில் என் உறவுப் பெண் வேர்ச்சிவப்பு என்று சொல்லி விற்ற ரவிக்கைத் துணியை வாங்கி வந்தாள். முதல் நனைப்பிலேயே அதன் சாயம் அவளுடைய கல்யாணச் சேலையின் கரையெல்லாம் ஏறிவிட்டது. விற்றவரைக் கேட்டால், இயற்கைச் சாயம் என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்ற பதில். இந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இயற்கைச் சாயம் போகும் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சை அரண்மனைச் சேலைகளின் சிவப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. போவது சாயத்தின் குணமல்ல, செய்தவரின் அவசரம். இந்தப் பேச்சை நாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், நம் பேரப்பிள்ளைகள் உறையூர்ச் சாயம் என்றாலே ஓடுகிற சாயம் என்று நினைப்பார்கள். ஆற்றைக் கெடுத்த ஆலைகளைவிட இந்தப் பொய்ப் பேச்சு நம் கலைக்குச் செய்யும் கேடு பெரிது என்று எண்ணுகிறேன். ஆறு என்றாவது தெளியும். கெட்ட பெயர் தெளியாது.

மூத்தவர்கள் என்னை மன்னிக்கட்டும். நம் சங்கம் கண்காட்சி நடத்தும்போதெல்லாம், விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு துணியோடும் அதே சாயப்பானையில் முக்கி ஐந்து முறை கழுவி வெயிலில் காயவைத்த ஒரு துண்டையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட வேண்டும். பயன்படுத்திய வேர், பட்டை, உப்பு எல்லாவற்றையும் தமிழில் எழுதிய சீட்டும் அதனுடன் இருக்க வேண்டும். ஹைட்ரோஸ் போட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். இதற்கு உடன்படாதவர்களுக்கு, அவர்கள் எவ்வளவு பெரியவர்களானாலும், மேசை தர வேண்டாம். என் துணிகளிலிருந்தே இதைத் தொடங்கிக்கொள்ளலாம்.