‘வெடிமருந்து’: ஒரு சொல்லின் குறை

துப்பாக்கி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் கருமருந்து, புகையிலா மருந்து இரண்டும் பெரும்பாலும் ‘வெடிமருந்து’ என்றே குறிக்கப்படுகின்றன. இது சொற்குறை மட்டுமன்று. உயிருக்கே ஆபத்தான குறை.

நரிக்குறவர் பயன்படுத்திய நாட்டுத் துப்பாக்கி, குழல்வாய் வழியே கருமருந்து கெட்டித்துச் சுடுவது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த இம்மருந்து எரிந்தபின் பாதி எடைக்கு மேல் புகையும் கசடுமாக மிஞ்சும். கசடு ஈரத்தை இழுக்கும். நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊரில் குழல் விரைவில் துருப்பிடிக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும்.

1884இல் பிரான்சின் பால் வியேய் உருவாக்கிய புகையிலா மருந்தில் கசடு குறைவு; குண்டின் வேகம் அதிகம். ஆனால் அழுத்தமும் மிக அதிகம். அதைக் கருமருந்தின் அளவிலேயே நாட்டுக்குழலில் இட்டால் குழல் வெடித்துச் சுடுபவரையே கொல்லக்கூடும். இம்மருந்தைத் தாங்கும் உறுதியான எஃகுக் குழலுடன் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டித் தனி வகை ஒன்றைச் செய்தது. இரண்டும் குழல்வாய் வழியே நிரப்பப்படுவனவே. ஆயினும் புகையிலா மருந்து நாட்டுத் துப்பாக்கிக்கு ஆகாது.

பயிர்க்காப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. படிப்பவருள் உழவரும் இருப்பர். ஆகவே எழுதுவோர் எந்த மருந்து என்பதைப் பெயர் சுட்டியே எழுதவேண்டும்.