சொந்த போனில் அலுவலகம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வீடு கட்டும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், 2013-இல் வேலையை விடப்போவதாகச் சொன்னார். சில நாட்களில் நிறுவனத்தின் ஐடி பிரிவு அவருடைய சொந்த ஐபோனைத் தொலைவிலிருந்தே முழுவதுமாக அழித்தது. அலுவலக மின்னஞ்சலோடு சேர்த்து அவர் எடுத்த படங்கள், வீடியோக்கள், சேமித்த எண்கள் எல்லாம் போயின. வழக்குப் போட்டார். போனுக்குள் இருக்கும் தகவல் அவர் சுட்டிய சட்டம் சொல்லும் 'மின்னணுச் சேமிப்பு' ஆகாது என்று கூறி, 2014-இல் நீதிமன்றம் அவருடைய முக்கியக் கோரிக்கைகளைத் தள்ளிவிட்டது. அலுவலக மின்னஞ்சல் சர்வரோடு போனை இணைத்தாலே, அதை அழிக்கும் அதிகாரமும் நிர்வாகியிடம் போய்விடும் காலம் அது.

ஊழியர் தன் கருவியிலேயே அலுவலக வேலை பார்க்கும் 'பிஒய்ஓடி' முறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறுவனத்தின் ரகசியம் எப்படிக் கசியும் என்பதிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் போன் யாருடையது என்பதை மறந்து செய்யும் எந்தப் பாதுகாப்பும் கடைசியில் நிறுவனத்தையும் காப்பதில்லை என்பது என் கருத்து.

இந்த முறையில் நன்மை இல்லாமல் இல்லை. இரண்டு போனைச் சுமக்க வேண்டாம். பழகிய கருவி என்பதால் வேலை தடையில்லாமல் நடக்கும். வெளியூரில் இருக்கும் விற்பனைப் பிரதிநிதி ஆர்டரை அங்கேயே பதிவு செய்துவிடலாம். செலவு குறையும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. ஊழியர்களின் சொந்தக் கருவிகளை 2010-இல் அனுமதித்த ஐபிஎம், இதனால் பணம் மிச்சமாகவில்லை என்று 2012-இல் சொன்னது. அப்போதைய அதன் தலைமைத் தகவல் அதிகாரி ஜீனெட் ஹோரன், பலருக்கு ஆபத்தே தெரியவில்லை என்றார். அலுவலக மின்னஞ்சல்கள் பொது மின்னஞ்சல் கணக்குகளுக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தன. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸைத் தடுத்தார்கள், கேட்ட கேள்வி ஆப்பிளின் சர்வருக்குப் போகிறது என்பதால் ஐபோனின் குரல் உதவியாளரான சிரியையும் அணைத்தார்கள்.

உருப்படியான தீர்வு பிறகுதான் வந்தது. கூகுள் 2015-இல் 'ஆண்ட்ராய்டு ஃபார் வொர்க்' என்று கொண்டுவந்த ஏற்பாட்டில், போனுக்குள்ளேயே அலுவலகத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அதிலுள்ள ஆப்களில் சின்னப் பெட்டிப் படம் தெரியும். அங்கிருந்து நகலெடுத்துச் சொந்த வாட்ஸ்அப்பில் ஒட்டுவதை நிர்வாகி தடுக்கலாம். ஊழியர் வேலையை விட்டால் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம். சொந்தப் படங்களையும் அரட்டையையும் நிர்வாகியால் பார்க்க முடியாது. 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் ஆப்பிளும் இதுபோன்ற வசதியைத் தந்தது. வீட்டின் ஓரத்து அறையை வாடகைக்கு விடுவது போலத்தான் இது. குடியிருப்பவர் தன் அறைக்குப் பூட்டுப் போடலாம். வீட்டுக்காரரின் பீரோவைத் திறக்க முடியாது. சொந்த போனில் அலுவலகம் குடியிருப்பவர்தான். இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் கூரை ஒழுகினால் இரண்டு அறையும் நனையும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போனில், இயங்குதளத்துக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால் நடுச்சுவரால் பயனில்லை. 2023-இல் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. மலிவு விலை போன்களுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஆக, நிறுவனத்தின் பாதுகாப்பு ஊழியரின் சம்பளத்தைப் பொறுத்ததாகிறது; மேலாளரின் போன் பத்திரமாக இருக்கும், கிளைக்குக் கிளை அலைபவரின் போன் ஓட்டையாக இருக்கும். நம் வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. பிள்ளை கேம் விளையாடும், அம்மா அதில் சீரியல் பார்ப்பார், பேட்டர்ன் லாக் எல்லோருக்கும் தெரியும். விதிமுறை எழுதுபவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

தாக்குபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் 2022-இல் நுழைந்தவர்கள், முக்கியச் சாவிகளை எடுக்கும் உரிமை பெற்றிருந்த நான்கு பொறியாளர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியைத்தான் பிடித்தார்கள். அதிலிருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்து, அவர் தட்டச்சு செய்த முதன்மைக் கடவுச்சொல்லை எடுத்தார்கள்.

அப்படியானால் கடுமையாகத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். தடுத்தவர்களின் கதையையும் பார்த்துவிட்டோம். வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களில், சொந்த போனின் வாட்ஸ்அப்பில் வணிகம் பேசக் கூடாது என்று விதி இருந்தது. பேசினார்கள், மேலதிகாரிகளும் பேசினார்கள். அந்த உரையாடல்களைப் பாதுகாத்து வைக்கத் தவறியதற்காக 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 16 நிறுவனங்களிடம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் வாங்கியது. அலுவலகம் தரும் வழி சிரமமாக இருந்தால் மனிதர் எளிதான வழியில் போவார்.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கசப்பானது. 100 நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்கான ஆப் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்றிய பணித்தளப் பொறுப்பாளர்களில் பலர் பயன்படுத்தியது சொந்த போனும் சொந்த டேட்டாவும்தான். வேலைக்குச் சொந்த போன் அவசியம் என்றால் கட்டணத்தில் நியாயமான பங்கை முதலாளி தர வேண்டும் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது, கூடுதல் செலவு ஆகாவிட்டாலும் கூட. இங்கே அப்படி ஒரு பொது விதி வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காக ஊழியரின் தகவலைச் சம்மதம் கேட்காமலே கையாளவும் இடம் தருகிறது. அபராத பயமும் இந்த அனுமதியும் சேர்ந்தால், நிறுவனம் ஊழியரின் போனுக்குள் இன்னும் ஆழமாகக் கை நுழைக்கவே பார்க்கும்.

தனிப் பகுதியோடு, செலவில் பங்கு கொடுத்து, மறுப்பவருக்கு அலுவலக போன் தந்து நடத்தினால் இந்த முறை நல்ல முறை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது நிறுவனம் தன் சுமையை ஊழியர் தலையில் வைப்பதுதான். அலுவலக ஆப்பை உங்கள் போனில் ஏற்றச் சொன்னால், முழு போனையும் அழிக்கும் அதிகாரம் அதற்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தால், அலுவலக போன் கேளுங்கள்.