நீதிபோதனை வகுப்பும் கேட்கப்படாத வினாக்களும்

நம் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றின் கால அட்டவணையில் ஒரு பாடவேளை உண்டு. அதற்குரிய மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கென வேறோர் அறைக்குச் செல்வர். ஏனையோர் நீதிபோதனைக்கென இருந்த இடத்திலேயே இருப்பர். ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குப் பின் இரு சாராரும் மீண்டும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கணக்கோ அறிவியலோ படிப்பர். இடைப்பட்ட நேரத்தில் உனக்கு என்ன சொன்னார்கள் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கேட்கத்தக்க எதுவும் அங்கே நடந்திருக்கும் என்று அவர்கள் எண்ணுவதும் இல்லை. பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஏதும் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டும் என்று கருதியே இதனை எழுத முற்படுகின்றோம்.

இப்பிரிவினைக்கு நல்ல காரணம் இருக்கின்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். அரசின் ஏற்பு பெற்ற அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் பயிலும் எவரையும் அவருடைய இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு கூறுகின்றது. 1965 டிசம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமயச் சுதந்திர அறிக்கையும் மனச்சான்றை வற்புறுத்தலாகாது என்றே வலியுறுத்திற்று. எனவே இந்துவோ இசுலாமியரோ ஆன மாணவனை ஞானோபதேச வகுப்பில் அமர்த்தாமல் விடுவது அவனுக்கு நாம் காட்டும் மதிப்பே ஆகும்.

ஆனால் சட்டம் தடுப்பது போதனையை வற்புறுத்துவதைத்தான். சமயங்களைப் பற்றி அறிவதை அது தடுக்கவில்லை. தேசியப் பாடத்திட்ட வரைவு குறித்த வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. நம் திருச்சபையும் இந்த வேறுபாட்டை அறியாதது அன்று. கத்தோலிக்கப் பள்ளியில் கல்வியின் சமயப் பரிமாணம் பற்றி 1988இல் உரோமையிலிருந்து வந்த ஏடு, பள்ளியில் நடைபெறும் சமயக் கல்வியையும் நம்பிக்கை வாழ்வுக்குப் பயிற்றுவிக்கும் மறைக்கல்வியையும் நெருங்கியவை, ஆயினும் வேறுபட்டவை என்றே காட்டுகின்றது. மறைக்கல்வி நம்பிக்கை கொண்டோரின் குழுமத்தில் வளர வேண்டியது. சமயத்தைப் பற்றிய அறிவோ எல்லா மாணவர்க்கும் உரியது. நாம் முன்னதை 40 நிமிடத்திற்குள் அடக்கிவிட்டுப் பின்னதை மறந்துபோனோம்.

இனி அந்த இரு அறைகளிலும் புழங்கும் நூல்களைச் சற்று எடுத்துப் பார்ப்போம்.

வினா விடை என்பது நமக்கு மிகப் பழைய வடிவம். நம்மவர் அண்டிரிக் அடிகள் என அழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1579இல் கொச்சியில் அச்சேற்றிய ‘கிரீசித்தியானி வணக்கம்’ இவ்வடிவில் அமைந்ததே. போர்த்துகீசிய இயேசு சபையினரான மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம் அது. அந்த மூலத்தில் ஆசிரியர் வினவுவார். மாணவன் விடை கூறுவான். அதே நூல் 1590களின் தொடக்கத்தில் யப்பானிய மொழிக்குச் சென்றபோது ஒரு மாற்றம் நேர்ந்தது. அங்கே நூலின் பெரும்பகுதியில் சீடன் கேட்கின்றான். குரு பதில் சொல்லக் கடமைப்பட்டவராகின்றார். மொழிபெயர்த்தோர் அந்நாட்டாரின் இயல்பை அறிந்தே இவ்வாறு செய்திருக்க வேண்டும். சிறிய மாற்றந்தான், ஆயினும் வகுப்பறை முழுவதும் திசை மாறிவிடுகின்றது.

நம் வழக்கில் நிலைத்தது முதல் முறையே. மனப்பாடத்தை இகழ்வது நம் நோக்கமன்று. குறிப்பிடத்தை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை பிழையின்றி ஒப்புவித்த பாட்டிமார் நம் ஊர்களில் இருந்தனர். துன்பம் வந்தபோது அவர்கள் நாவில் தானாக எழுந்தவை அச்சொற்களே. ஆறு வயதில் கற்றது அறுபதில் உதவும். ஆனால் பதினான்கு வயது என்பது வேறொரு பருவம். அந்த வயதில் மாணவன் உள்ளத்தில் எழும் வினா நூலில் இருப்பதில்லை. நூலில் இருக்கும் வினாவை அவன் ஒருபோதும் கேட்டதில்லை. கேளாத வினாவுக்கு விடை கற்றுத் தேர்வெழுதிப் பரிசும் பெறுகின்றான்.

அடுத்த அறையில் உள்ள நீதிபோதனை நூலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே கதைகள் உண்டு. சாலையில் பணப்பையைக் கண்டெடுத்த ஏழைச் சிறுவன் அதனை உரியவரிடம் சேர்ப்பான். உரியவர் செல்வராக இருப்பார். சிறுவனின் படிப்புச் செலவை ஏற்பார். கடைசி வரியில் நீதி தடித்த எழுத்தில் நிற்கும். இக்கதையின் குறை அது பொய் என்பது மட்டுமன்று. அறம் என்பது தாமதமாக வரும் ஊதியம் என்று அது கற்பித்துவிடுகின்றது. நேர்மையாக இருந்ததனாலேயே வேலை இழந்த தந்தையை வீட்டில் காணும் மாணவன் இக்கதையை எவ்வாறு படிப்பான்? யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சும் இத்தகையதே என்பதையும், இறைவன் அந்நண்பர்களைக் கடிந்துகொண்டார் என்பதையும் நம் நீதிக்கதை ஆசிரியர்கள் மறந்துவிட்டனர் போலும். (இந்நூல்களின் படங்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நலம்.)

போதாக்குறைக்கு, நீதிபோதனையை நடத்துபவர் பெரும்பாலும் அந்நேரம் ஓய்வாக இருக்கும் ஆசிரியர். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்த வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். ஆக, ஒரு சாரார்க்கு வேரும் மறு சாரார்க்குச் சில உதிர்ந்த இலைகளும் கிடைக்கின்றன. ஏன் என்று ஆராயும் மெய்யியல் இருவர்க்குமே கிடைப்பதில்லை.

இரு அறைகளையும் ஒன்றாக்கினால் என்ன கற்பிக்கலாம்? ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே காண்போம்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்குமாறு 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. அந்த அறத்துப்பாலில் உள்ளது வாய்மை அதிகாரம். பொய் சொல்லாதே என்று ஒரு கட்டளையைத் தருவதோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை. குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று இரண்டாம் குறளில் சொல்கின்றார். அதனை அடுத்து மூன்றாம் குறளிலேயே, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்நெஞ்சே நம்மைச் சுடும் என்கின்றார். இவ்விரண்டும் அருகருகே நிற்பது ஏன்? நம் தேர்வுத்தாள்களில் இவ்வினாவைக் காண்பது அரிது. பொருள் எழுதுக, அணி கூறுக என்பதோடு அவை நின்றுவிடுகின்றன.

இதே சிக்கலைக் கிறிஸ்தவ உலகில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் புனித அகுஸ்தினார். பொய்யைப் பற்றி மட்டுமே அவர் இரண்டு நூல்கள் எழுதினார். எந்நிலையிலும், உயிரைக் காக்கவும்கூட, பொய் ஆகாது என்பது அவர் முடிபு. அவர் தரும் சான்று தகாஸ்தே நகரின் ஆயராக இருந்த பிர்முஸ். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை அந்த ஆயர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டனர். என்னால் பொய் சொல்லவும் முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார். வதைத்தனர்; அவர் அசையவில்லை. இறுதியில் பேரரசனே அவரது உறுதியை வியந்து, ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்பு அளித்தான்.

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்லும் கௌசிகன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உண்மையே பேசுவேன் என்று நோன்பு பூண்டவன் கௌசிகன். கள்வர்க்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் அவன் இருப்பிடத்தின் அருகே காட்டில் ஒளிந்தனர். துரத்தி வந்த கள்வர் கேட்டபோது அவன் நோன்பு தவறாமல் உண்மையைச் சொன்னான். மக்கள் கொல்லப்பட்டனர். கௌசிகன் போனது நரகத்திற்கு.

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் வரும் சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்களையும் சேர்த்துக்கொள்வோம். ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணையை மீறிய அவர்கள், தாங்கள் போய்ச் சேருமுன்பே எபிரேயப் பெண்கள் பிள்ளை பெற்றுவிடுகின்றனர் என்று அவனிடம் சாதித்தனர். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார். அகுஸ்தினார் இவ்விடத்தில் திணறாமல் இல்லை. இறைவன் பரிசளித்தது அவர்களது இரக்கத்திற்கே, பொய்க்கு அன்று என்று விளக்குகின்றார். அவ்விளக்கம் நிறைவு தருகின்றதா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவியைக் கேட்டுப் பாருங்கள். அவள் எளிதில் விடமாட்டாள்.

நம் திருச்சபையின் அண்மைக் கால ஏட்டிலேயே இத்தடுமாற்றத்தின் தடம் உண்டு. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, உண்மையை அறியும் உரிமையுள்ள ஒருவரைத் தவறுக்கு உட்படுத்துவதே பொய் என்று வரையறுத்தது. 1997இன் திருத்திய இலத்தீன் பதிப்பில் ‘உரிமையுள்ள’ என்னும் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. அடுத்த சில பத்திகளிலோ, உண்மையை அறிய உரிமையற்றவரிடம் அதனை வெளிப்படுத்தும் கடமை எவர்க்கும் இல்லை என்ற கருத்து அப்படியே நிற்கின்றது. கற்றறிந்த இறையியலாளர்கள் ஒரு தொடரை இட்டு, பின் எடுத்து, இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கும் ஒரு வினா, நம் வகுப்பறைக்குள் நுழையும்போது மட்டும் ‘பொய் சொல்லாதே’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுவது முறையா?

இப்பாடத்திற்குக் கத்தோலிக்க மாணவனும் இந்து மாணவனும் இசுலாமிய மாணவனும் ஒரே அறையில் இருக்க வேண்டும். எவரும் எவருடைய நம்பிக்கையையும் ஏற்க வேண்டியதில்லை. ஒளிந்திருப்பவனைக் கொலைஞன் கையில் ஒப்படைக்கலாகாது என்பதில் இவர்கள் அனைவரும் ஒன்றுபடுவர். அவனை எவ்வழியில் காப்பது என்பதில்தான் வழக்கு. ஆதலின், பல சமயக் கருத்துகளை அறிந்தால் மாணவர் எல்லாம் ஒன்றே, எதுவும் சரியே என்ற மயக்கத்தில் விழுவர் என்று அஞ்சுவோர்க்கு இப்பாடமே ஓரளவு மறுமொழியாகும். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஒரு பெற்றோர் தம் பிள்ளையின் நம்பிக்கை குறித்துக் கொள்ளும் கவலை புனிதமானது. ஆனால் அறியாமையைக் காவலாக வைத்த நம்பிக்கை பள்ளி வாயில் வரைதான் நிற்கும். கல்லூரி விடுதியின் முதல் இரவிலேயே அது வினாக்களைச் சந்திக்கின்றது, உடன் பேச ஆசிரியர் ஒருவரும் இல்லாமல்.

தமிழிலே இதற்கொரு பழைய முன்மாதிரி உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் பதின்மரிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரும் தத்தம் கோட்பாட்டை விரிக்கின்றனர். கண்ணால் கண்டதையன்றிப் பிறிதொன்றை ஏற்கமாட்டேன் என்னும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகின்றாள். நூலாசிரியர் சாத்தனார் பௌத்தர். அவர் நடுநிலையாளர் அல்லர். பிற சமயங்களைச் சுருக்கித் தள்ளவே அக்காதையை அமைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. அவள் தன் உருவில் அங்கே செல்லவில்லை; ஆண் துறவியின் வேடத்தில் செல்கின்றாள். இளையவள், பெண் என்று கருதி எவரும் உண்மைப் பொருளை உரைக்கமாட்டார் என்று தெய்வம் அவளை முன்பே எச்சரித்து, உரு மாறும் மந்திரத்தையும் தந்திருந்தது. இன்றைய நம் மாணவியிடம் அத்தகைய மந்திரம் இல்லை. இளையவள் என்பதற்காகவே அவளுக்கு நாம் பணப்பைக் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

பன்னிரண்டு வயது இயேசுவைப் பெற்றோர் கோவிலில் கண்டபோது அவர் போதகர் நடுவில் அமர்ந்து கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்ததாக லூக்கா எழுதுகின்றார். அகுஸ்தினாரின் ‘ஆசிரியர்’ என்னும் நூல் அவருக்கும் அவர் மகன் அதேயோதாத்துசுக்கும் இடையிலான உரையாடல். சொற்கள் உண்மையில் எதையேனும் கற்பிக்கின்றனவா என்னும் கடினமான மெய்யியல் வினா அங்கே அலசப்படுகின்றது. அந்நூலில் மகன் கூற்றாக வருவன யாவும் அவனே எண்ணிச் சொன்னவை என்றும், அப்போது அவனுக்கு வயது பதினாறு என்றும் தந்தை பின்னர் தம் வரலாற்றில் பதிவு செய்தார். நம் பதினோராம் வகுப்பு மாணவனின் வயது அது.

இத்தகைய வகுப்பை நடத்த யார் இருக்கின்றார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழாசிரியர் குறளை அறிவார், அகுஸ்தினாரை அறியார். மறைக்கல்வி நடத்தும் அருள்சகோதரி அகுஸ்தினாரை அறிவார், கௌசிகனை அறியார். இருவரும் ஒரே அறையில் ஒருங்கே நின்று, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மாணவர் முன் சொல்லத் துணிந்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்குப் பயிற்சி வேண்டும். அதற்கு மறைமாவட்டங்கள் பொருள் ஒதுக்க வேண்டும். மறைக்கல்வி தரும்போது தமக்கே சலிப்புத் தட்டுகின்றது என்று கார்த்தேஜ் நகரின் திருத்தொண்டர் ஒருவர் முறையிட்டபோது, கேட்பவர் நின்று களைத்திருந்தால் அவருக்கு ஓர் இருக்கை கொடும் என்று அகுஸ்தினார் எழுதினார். நம் பெரிய திட்டங்கள் பலவற்றிலும் அந்த இருக்கைக்கு இடம் இருப்பதில்லை.

வரும் சூன் மாதம் பள்ளிகள் திறக்கும் முன் கால அட்டவணை புதிதாக எழுதப்படும். மறைக்கல்வியை எடுத்துவிடும்படி நாம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், அந்த மணி அடிக்கும்போது ஒன்பதாம் வகுப்பு பிரியாமல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெற்றோரின் இசைவுக் கடிதமும், இரண்டு ஆசிரியர்களும், மாணவர் தம் பெயர் குறிக்காமல் வினா எழுதிப் போட ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.