பென்சிலில் போட்ட வருகை

2024 தீபாவளி அக்டோபர் 31 அன்று, மாதக் கடைசியில் வந்தது. மறுநாளையும் தமிழக அரசு விடுமுறையாக்கியது. கோவை உக்கடத்தில் ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஓர் அலுவலகத்தில் 25ஆம் தேதியே மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை மூடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டு, 30 வரையிலான கட்டங்களில் சூப்பர்வைசர் பென்சிலால் வந்ததற்கான 'பி' போட்டார், 31க்கு விடுமுறைக்கான 'எச்'. பிறகு அதன்மேல் பேனா ஓடியது.

"நோம்பிக்கு முன்னாடி காசு வந்தாத்தானுங்க புள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியும்" என்றார். உண்மைதான். மாதம் முடிந்து 7ஆம் தேதிக்குள் சம்பளம் என்பது 1936ஆம் ஆண்டுச் சட்டம் பழக்கிய கணக்கு. அந்த வருடம் அதை நம்பியிருந்தால் ஒப்பணக்கார வீதியில் கூட்டம் கலைந்த பிறகுதான் காசு கைக்கு வந்திருக்கும். வருகைப் பதிவு போனால்தான் கம்பெனியில் பில் பாஸ் ஆகும், பில் பாஸ் ஆனால்தான் ஒப்பந்ததாரர் பணம் தருவார். முன்கூட்டியே அனுப்புவதை மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

ஆனால் நடக்காத நாளுக்கு அந்தத் தாள் சாட்சி சொல்கிறது. அந்த அலுவலகம் வழியாகத் துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா 29ஆம் தேதி காய்ச்சலில் படுத்துவிட்டார். தீபாவளியன்று ஆள் இல்லாததால் அவரையே கூப்பிட்டார்கள், போனார். பண்டிகை விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய கூலியோடு சம்பளத்துடன் மாற்று விடுமுறை தர வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம். மஸ்டரில் அவர் வராத நாளுக்கு 'பி', வந்த நாளுக்கு 'எச்'. நவம்பர் சம்பளத்தில் 29ஆம் தேதிக் கூலியை மறக்காமல் பிடித்தார்கள். 31ஆம் தேதிக் கூலியைக் கேட்டபோது, "பதிவுல இல்லைங்களே" என்றார்கள். அடுத்த மாதம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்ற பேச்சு எப்போதும் கொடுப்பவர் பக்கமே சாய்கிறது.

பில் வந்த பிறகுதான் கூலி என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலிப் பொறுப்பை ஒப்பந்ததாரர் மேல் வைத்து, அவர் தவறினால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்றது. பில் வரவில்லை என்பதை அது சாக்காக ஏற்கவில்லை. அப்படியிருக்க, நோம்பிக் காசை அட்வான்ஸ் என்றே தனி வவுச்சரில் கொடுத்து, மஸ்டரை 31 சாயங்காலம் வரை திறந்து வைப்பதில் என்ன தடை? கூலியில் பாதியை அப்படிக் கொடுத்தாலே துணிக்கும் பலகாரத்துக்கும் ஆகும். மீதியை, அந்த அம்மா தன் வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கணக்குப் பார்க்கட்டும்.