ஊரை விளையாட வைப்பவர்

காணும் பொங்கலன்று ஊரையே விளையாட வைக்கும் மனிதருக்குப் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வீடு வீடாக வசூல் செய்து, கொடுத்தவர் பெயரை மைக்கில் ஒன்றுவிடாமல் வாசிப்பதில் தொடங்குகிறது அவர் வித்தை. சுண்ணாம்புப் பொடியை விரலிடுக்கில் ஒழுகவிட்டு, கட்டிய கயிற்றோரம் குனிந்தபடியே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கபடிக் களம் போட்டுவிடுவார். உறியடியில்தான் கைவண்ணம் முழுதாகத் தெரியும். கண்ணைக் கட்டிய இளவட்டம் கம்பை ஓங்கும் நேரம் பார்த்துக் கயிற்றைச் சுண்டுவார். பானை ஒரு முழம் மேலேறும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பொடியன் வந்தால் அதே பானை தானாகத் தாழும். தோற்ற பிள்ளைக்கும் ஒரு பென்சிலாவது பரிசு உண்டு. கோலப்போட்டிக்கு மட்டும் வெளியூர் டீச்சரை நடுவராக அழைப்பார். உள்ளூர்ப் பகை இவருக்குத் தெரியாதா என்ன!