யாழ் நூலகம்: விடுபட்ட வாசகர்

ஒரு கட்டடத்தைப் பிரதியாக வாசிக்கலாம் என்றால், ‘ஆரம்பிச்சுட்டாங்கய்யா’ என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. சரி, வேறு மாதிரி கேட்போம். எரிந்துபோன ஒரு பொதுக் கட்டடத்தைத் திருத்திக் கட்டுகிறபோது அதன் அடுத்த பதிப்பை எழுதுவது யார்? யாருடைய கையெழுத்து அதில் விழுகிறது? யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியாகிவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் அதிகம் எழவில்லை.

தகவல்கள் தெரிந்தவைதான். 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி, 1935இல் உள்ளூராட்சியின் கைக்கு வந்தது. பிறகு அடிக்கல். வரைபடம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனுடையது, ஆலோசனை எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. 1959இல் மேயர் ஆல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். 1981இல் மாவட்ட சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, மே 31 நள்ளிரவையொட்டி, போலீஸும் அவர்களோடு வந்தவர்களும் எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, சாம்பலாயின.

இந்த 97,000 நம் எழுத்தில் ஒரு சடங்கு எண்ணாகிவிட்டது. எண்ணைச் சொன்னதும் துக்கம் நிறைவேறிவிடுகிறது. எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ இந்தச் சடங்குக்குள் அடங்காமல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. எரித்தவர்கள் வணங்கும் புத்தரையே நூலகப் படிக்கட்டில் பிணமாகக் கிடத்துகிறது அந்தக் கவிதை. குற்றம் எரித்தவர்களின் சொந்த வீட்டுக்குள் போய் விழுகிறது. பின்னால் வந்தவர்களில் பலர் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டார்கள், அதன் யோசனையை விட்டுவிட்டார்கள்.

எரிப்புக்குப் பிறகு மக்கள் புத்தகம் சேர்த்தார்கள், மராமத்தும் நடந்தது. கோட்டைக்கு எதிரே நின்ற கட்டடம் என்பதால் போர் அதை மறுபடியும் சிதைத்தது. 1990களின் பிற்பகுதியில் சந்திரிகா அரசு புனரமைப்பைக் கையில் எடுத்தபோது விவாதம் கிளம்பியது. சிதைவை அப்படியே நினைவுச் சின்னமாக விட வேண்டும் என்றது ஒரு தரப்பு. வெள்ளையடித்துப் பழைய உருவிலேயே எழுப்ப வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. முதல் தரப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. எரித்த அரசே சுண்ணாம்பு பூசும்போது அந்தச் சுண்ணாம்பு தடயத்தையும் சேர்த்துத்தான் மறைக்கிறது. ஆனால் சிதைவாக விட்டிருந்தால் கட்டடம் எவருடைய மேடையாக ஆகியிருக்கும் என்பதையும் கேட்க வேண்டுமில்லையா?

இரண்டு பெருங்கதையாடல்களுக்கும் நடுவில் ஓர் உள்ளூராட்சி இருந்தது. நூலகம் சட்டப்படி அதனுடையது. அதற்கு என்ன ஆனது என்று பாருங்கள். நூலகத்தைத் திறந்து வைத்த துரையப்பா 1975இல் கொல்லப்பட்டார். 1998இல் மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். வடிகாலையும் சந்தையையும் நூலகத்தையும் கவனிக்க வேண்டிய பதவி அது. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் இடையில் அந்தப் பதவி உயிரோடு இருப்பதே கஷ்டமாகிவிட்டது.

2003 பிப்ரவரி 14இல் புதுப்பித்த நூலகத்தைத் திறப்பதென்று மேயர் செல்லன் கந்தையனின் சபை நாள் குறித்தது. விடுதலைப் புலிகள் எதிர்த்தார்கள், விழா நடக்கவில்லை. மேயரும் உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். இடம்பெயர்ந்தவர்கள் மீளாத நிலையில் விழா எதற்கு என்று காரணம் சொல்லப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஒருவரின் பெயர் திறப்பு விழாக் கல்வெட்டில் ஏறக்கூடாது என்பதே உள்காரணம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதை நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கோயில் கதவுக்கு முன்னால் மக்கள் நின்ற ஊர் இது. தேநீர்க் கடைக்குள் நுழையவே போராட வேண்டியிருந்த ஊர். இதையெல்லாம் டேனியலின் நாவல்கள் வழியாக வாசித்தவர்களுக்கு அந்தக் குற்றச்சாட்டைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. கோயில் கதவும் கடைக் கதவும் சாதி கேட்ட இடத்தில், உள்ளூராட்சியின் நூலகம் சட்டத்தளவிலாவது சாதி கேட்காத ஒரு வாசல். அந்த வாசலைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அதனாலேயே கனமானது.

இன்னொரு விடுபடல். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் இந்த நூலகத்தின் வாசகர்கள்தான். ‘மக்கள் மீளாமல் திறப்பதா’ என்ற வாதத்தில் அந்த ‘மக்கள்’ யார்? இந்தச் சர்ச்சை பற்றி நான் படித்தவற்றில் அவர்கள் பெயருக்குக்கூட வரவில்லை. புத்தரைப் பிணமாகக் கிடத்தி அந்த எரிப்பை எழுதியவர் ஒரு முஸ்லிம் கவிஞர் என்பதையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

நூலகத்தின் மையம் வாசகர்தான், அலமாரி இல்லை என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர் ரங்கநாதன். அவர் ஆலோசனையில் உருவான ஒரு கட்டடத்தைப் பற்றிய சர்ச்சையில் வாசகருக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. அரசுக்கு அது நல்லிணக்கத்தின் விளம்பரம். இயக்கத்துக்கு இழப்பின் சாட்சி. தமிழகத்தில் இருக்கும் நமக்கோ மே மாதம் முடியும்போது எடுத்துத் துடைக்கும் ஒரு படம். பெஞ்சில் இடம் தேடிய மாணவி, பத்திரிகை படிக்க வந்த தொழிலாளி, கடன் அட்டை இல்லாத அகதி ஆகியோர் இந்த மூன்று கதைக்குள்ளும் இல்லை.

பிறகு நூலகம் சத்தமில்லாமல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இனி விமர்சனம் குவிமாடத்தை விட்டு இறங்கி உறுப்பினர் பட்டியலுக்கும் நூற்பட்டியலுக்கும் போக வேண்டும். எந்தத் தெருக்களிலிருந்து வாசகர்கள் வருகிறார்கள், எவை வாங்கப்படுகின்றன, 1990இல் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்கிறவரைத் துரோகி என்பார்கள். பரவாயில்லை, கேட்போம்.